சத்தக்காரரின் கையெழுத்து

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், ஊர் ஊராகப் போய் மிக்ஸி பிடுங்குகிறேன் என்று சொல்வேன். சிரிப்பார்கள். ஆனால் அது பொய்யில்லை.

அரூருக்குக் கிழக்கே, மலைகள் வளைத்துக்கொண்ட ஒரு பள்ளத்தில் இருபத்து நாலு வெள்ளைத் தட்டுகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்பதற்காக வைத்தவை. அந்த அலைகள் அவ்வளவு மெலிசு. நிலாவில் கொண்டுபோய் ஒரு செல்போனை வைத்தால்கூட எங்கள் தட்டுகளுக்கு அது கத்துவது போலக் கேட்கும். பக்கத்து ஊரில் ஒருத்தர் தேங்காய்ச் சட்னி அரைத்தால் ஒரு நட்சத்திர மண்டலமே காணாமல் போகும். அதனால் சுற்றிலும் எட்டு கிலோமீட்டருக்கு செல்போன் கிடையாது, வைஃபை கிடையாது, வடிகட்டி பொருத்தாத மோட்டார் கிடையாது. சட்டம் அப்படி. அந்தச் சட்டத்துக்குக் கையும் காலும் நான்தான். ஜீப் கூரையில் ஆன்டெனாவை மாட்டிக்கொண்டு, முள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போய், எதைப் பிடுங்க வேண்டுமோ அதைப் பிடுங்கிக்கொண்டு வருவேன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் என் படத்துக்குக் கீழே ஏகாம்பரம் என்று இருக்கிறது. சுற்று வட்டார ஜனங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவர்களுக்கு நான் சத்தக்காரர். ஊரில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது என்று அலைகிறவனுக்கு வைத்த பெயர்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. தட்டுகளில் புரியாத சிக்னல் எது வந்தாலும் ஒரு படிவம் என் மேஜைக்கு வரும். நான் தேடிப் பார்த்துவிட்டு, 'இது தரையில் தோன்றியதல்ல' என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அது வானத்துச் சமாசாரம். பதினாலு வருஷத்தில் இருநூறுக்கு மேல் படிவங்கள் வந்தன. ஒன்றில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு சமயம் மூன்று நாள் சாப்பாடு தண்ணி இல்லாமல் விஞ்ஞானிகள் கொண்டாடிய சிக்னல், எங்கள் கேண்டீன் மாஸ்டர் புதிதாக வாங்கிய கிரைண்டர்.

இந்த வருஷம் தை மாதம் மூன்றாம் தேதி, காலை பதினொன்று நாற்பதுக்கு ஒரு துடிப்பு வந்தது. ஒன்றே ஒன்று. பதினெட்டு நாள் கழித்து அதே போல இன்னொன்று. அன்றைக்கு டைரக்டர் பத்மாசனி மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"உக்காருங்க ஏகாம்பரம். இதைப் பாருங்க. கத்தி மாதிரி மெலிசா ஒரே அலைவரிசை. இயற்கையில எதுவும் இப்படிப் பேசாது. நட்சத்திரம் பேசினா ஊரே பேசற மாதிரி இருக்கும். இது ஒரே ஒரு ஆள் பேசற மாதிரி இருக்கு."

"என்ன சொல்லுது மேடம்?"

"ஒண்ணும் சொல்லலை. அதுதான். யாராவது சேதி அனுப்பினா எண் இருக்கும், ஒழுங்கு இருக்கும். இது ஒரு தடவை தட்டிட்டு நின்னுடுது. ரெண்டு தடவையும் அப்படித்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இதுக்காக முப்பத்தோரு வருஷமா உக்காந்திருக்கேன். என் கூடப் படிச்சவங்க எல்லாம் வேற வேலை பாத்து, பேரும் வாங்கிட்டாங்க. அங்க யாரும் இல்லைன்னா இல்லைன்னாவது தெரிஞ்சுட்டுப் போகணும்னு நான் இருந்துட்டேன். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை டெல்லிக்குச் சொல்லணும்."

"தேடிப் பாத்துட்டுச் சொல்றேன் மேடம்."

"நல்லாத் தேடுங்க" என்றார். தேடாதீர்கள் என்று அவர் கண் சொன்னது போல எனக்கு இருந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

மூன்று நாள் அலைந்தேன். நாலாம் நாள் முற்பகல், பாறைகளுக்கு நடுவே ஜீப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ரிசீவர் 'டக்' என்றது. முள் துள்ளிச் சாய்ந்தது. பின்பற்களில் ஐஸ் பட்டது போலக் கூசியது. முள் காட்டிய பக்கம் எருமைக்குழி. இரண்டு முறை இடம் மாறி நின்று கோடு போட்டுப் பார்த்தேன். கோடுகள் ஊர்க்கோடியில், பலா மரத்து வீட்டில் போய் வெட்டிக்கொண்டன.

சரிதான், இதுவும் தரைதான் என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வீடு எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காகவே எருமைக்குழிக்குள் நுழையும்போதெல்லாம் நான் சுற்றுவழியில் போவேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு மாதம்மாளிடமிருந்து ஒரு செல்போனைப் பிடுங்கினேன். அவள் புருஷன் முன்னமே செத்துப்போனவன். ஒரே மகன் சென்றாயன், இருபத்திரண்டு வயது, போர்வெல் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து மறுநாள் சத்தீஸ்கருக்குப் புறப்படுகிறான். ஊருக்கு இருந்த ஒரே லைன் போன் கடையில் இருந்தது. மரம் விழுந்து கம்பி அறுந்து நாலு நாளாக அதுவும் ஊமை. போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் கொடுக்கட்டும் என்று அந்தப் பெண்பிள்ளை யாரிடமோ பழைய போன் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். கூரை மேல் ஏறி நின்றால் மலைக்கு அந்தப் பக்கத்து டவர் லேசாகக் கிடைக்கும். நான் மோப்பம் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். ரெண்டே நாள் விடுங்கள் என்று கேட்டாள். சட்டம் என்றேன். அணைத்து, சீட்டு ஒட்டி, ஆபீஸ் பீரோவில் வைத்தேன்.

சென்றாயன் போனான். வண்டிக்காரர்கள் அவன் தங்களிடம் வந்து சேரவே இல்லை என்றார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், தேடினார்கள், விட்டுவிட்டார்கள். அணைத்து வைத்த போனுக்கு ரிங் வந்ததா இல்லையா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. சீட்டோடு அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. வேறு எதையாவது எடுக்கத் திறக்கும்போது என் கண்ணில் படும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மாதம்மாள் வாசலில் சாமை காய வைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது.

"வாங்க சத்தக்காரரே. இந்த தடவ எதப் புடுங்கப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. வீட்டுல போன் ஏதாச்சும் இருக்குதா?"

"போன் ஏது. உள்ள வாங்க, வெயிலா இருக்குது."

உள்ளே போனேன். சுவரில் சென்றாயனின் படம் மாட்டியிருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. கட்டம் போட்ட நீலச் சட்டை, பையில் பேனா, முகத்தை லேசாகத் திருப்பி மார்பளவுக்கு எடுத்த படம். மாலை போடவில்லை. நான் படத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புறக் கதவில் வெளிச்சம் மறைந்தது. ஒருத்தன் உள்ளே வந்து நின்றான்.

நீலச் சட்டை. பையில் பேனா. அதே முகம்.

பதினோரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்தார்கள். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

"சென்றாயன் வந்துட்டானா? ஏம்மா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?"

மாதம்மாள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "அவன் இல்லிங்க. நல்லா பாருங்க."

பார்த்தேன். பதினோரு வருஷம் ஆகியும் அதே இருபத்திரண்டு வயது. அதே சட்டையில் அதே மடிப்பு. பையில் இருந்த பேனாவில் படத்தில் விழுந்த அதே வெளிச்சப் புள்ளி, அவன் அசைந்தும் அது அசையவில்லை. படத்தில் முகம் திரும்பியிருந்ததால் ஒரு காது மட்டும்தான் தெரியும். நின்றவனுக்கும் ஒரே ஒரு காதுதான் இருந்தது.

"முதுகுப் பக்கம் போவாதீங்க" என்றாள் மாதம்மாள். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? நாலடி சுற்றி வந்து பார்த்தேன். முதுகு என்று ஒன்று இருந்தது, அதில் எதுவும் இல்லை. கட்டம் இல்லை, தையல் இல்லை, பின்னந்தலையில் முடி இல்லை. படத்தில் தெரியாததை எப்படிச் செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டது போல இருந்தது. இடுப்பில் ஒரு பழைய வேட்டி.

"வேட்டி நான் கட்டி வுட்டது. அதுக்குக் கீழ என்னன்னு நான் பாக்கல."

நான் வாசற்படிக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அது எங்களுக்கு முதுகைக் காட்டாமல் பலா மரத்தடிக்குப் போய் நின்றது. கோழிகள் அதன் காலுக்கு நடுவிலேயே கிளறிக்கொண்டு திரிந்தன. கல்லை எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் அவை அதைப் பார்த்தன.

"எப்ப வந்துச்சு?"

"மாட்டுப் பொங்கல் முடிஞ்ச மக்யா நாளு. காலைல கதவத் தொறந்தா புகையாட்டம் நின்னுக்கிட்டிருந்துச்சு. உள்ள வந்து போட்டோவையே பாத்துச்சு. மத்தியானத்துக்கெல்லாம் மொகம் வந்திடுச்சு."

"பயமா இல்லியா?"

"மொத ரெண்டு நாளு இருந்துச்சு. அப்பறம் தட்டு வெச்சன். திங்காது, ஆனா எதுருல உக்காரும். பேசாது. நான் பேசுனா கேக்கும். பதினோரு வருசமா செவுத்துகிட்ட பேசிக்கிட்டிருந்தன் சார்."

"உன் மகன்னு நெனச்சியா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் இல்ல. யாரு வூட்டுப் புள்ளையோ." அவள் சாமையைக் கிளறிவிட்டாள். "வந்த அன்னிக்கே அண்ணாந்து மேல பாத்துச்சு. எனக்குப் பல்லு கூசுச்சு, ரேடியோப் பொட்டி ஒரு தடவ டக்குன்னுச்சு. அதோட சரி. எனக்கு அப்பவே வெளங்கிடுச்சு. ரிங் குடுக்குது. வந்து சேந்துட்டன்னு அவுங்க வூட்டுக்குச் சொல்லுது. கேட்டுச்சோ இல்லியோன்னு அப்பறமும் குடுத்துச்சு. இன்னிக்கும் குடுத்துச்சு."

மேடம் என்ன சேதி, என்ன சேதி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததற்கு இவள் சாமை கிளறிக்கொண்டே பதில் சொல்லிவிட்டாள். சேதி எதுவும் இல்லை. மிஸ்டு கால். அந்தப் பக்கம் இருப்பவர்கள் எடுக்கவே தேவையில்லை. புறப்படும்போதே பேசி வைத்துக்கொண்டது.

"ஏம்மா, நான் இத ஆபீசுல சொல்லித்தான் ஆவணும். தெரியுமில்ல?"

"சொன்னா என்ன பண்ணுவாங்க?"

என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வண்டி வண்டியாக ஆள் வருவார்கள். எருமைக்குழியைக் காலி செய்வார்கள், அதோடு சுற்றியிருக்கும் ஊர்களையும். அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, வேட்டியை அவிழ்ப்பார்கள். வெளியே ஒரு துடிப்புப் போகாமல் மூடி வைப்பார்கள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரோ ஒருத்தி அங்க உக்காந்திருப்பா இல்லிங்களா" என்றாள். "எனக்கு வராத ரிங்கு அவளுக்காச்சும் போவட்டும். இதயும் புடுங்கிடாதீங்க."

பதினோரு வருஷத்தில் அந்தப் போனைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். 'இதயும்.' திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் எழுந்து பலா மரத்தடிக்குப் போனேன். கிட்டத்தில் அதன் கண்ணுக்குள் ஸ்டூடியோ விளக்கின் இரண்டு வெள்ளைச் சதுரங்கள் தெரிந்தன. என்ன பேசுவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த புது விருந்தாளியிடம் என்ன சொல்வோமோ அதைச் சொன்னேன்.

"பயப்படாத. யாரும் உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நல்ல ஜனங்க. நல்ல எடம்தான் இது."

அது என்னை வெகுநேரம் பார்த்தது. என் முகத்தை, அப்புறம் கழுத்தில் தொங்கிய அட்டையை, மறுபடி என் முகத்தை. நான் திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகுவதற்குள் ரிசீவர் இரண்டு முறை அடித்தது. டக், டக்.

எனக்கு நன்றி சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தேன்கூட. என் மடத்தனத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அன்றைக்கு மாலையே படிவத்தை நிரப்பினேன். 'எருமைக்குழி, காட்டுப்பன்றிக்காகப் போட்ட மின்வேலி. கம்பி மோதித் தீப்பொறி. சரிசெய்யப்பட்டது.' மேடம் நின்றுகொண்டே படித்தார்.

"வேலியா?"

"ஆமா மேடம்."

"நாங்க மேல எந்தத் திசையில பாத்தமோ அந்தத் திசையிலருந்து வந்த மாதிரி இருந்ததே."

"பக்கவாட்டுல கசியற சத்தம் மேலருந்து வர்ற மாதிரிதானே மேடம் காட்டும். கிரைண்டரும் அப்படித்தானே காட்டுச்சு."

"இன்னிக்கு ரெண்டாவது தடவை வந்தப்ப ரெண்டு துடிப்பு இருந்தது."

"வேலிய அணைக்கும்போது வந்தது."

நம்பினார். என் பதினாலு வருஷத்து வார்த்தையை நம்பினார். மேஜைமேல் தட்டச்சு செய்து வைத்திருந்த டெல்லிக் கடிதத்தை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "நீங்க போங்க ஏகாம்பரம். நேரத்துல கண்டுபிடிச்சீங்க, இல்லன்னா உலகமே சிரிச்சிருக்கும்" என்றார். ஒரு பெண்பிள்ளைக்குச் செய்த பாவத்தைக் கழுவ இன்னொரு பெண்பிள்ளையின் முப்பத்தோரு வருஷத்தைக் குப்பையில் போட வைத்தேன். அதைத் தெரிந்தேதான் செய்தேன்.

ஒன்பதாம் நாள் காலை பீரோவைத் திறந்து அந்தப் போனை எடுத்தேன். சீட்டைக் கிழித்துவிட்டு எருமைக்குழிக்குப் போனேன். சுற்றுவழியில் போகவில்லை.

மாதம்மாள் போனை வாங்கி முந்தானையால் துடைத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன மன்னிச்சிடும்மா. அன்னிக்கு ரெண்டு நாள் வுட்டிருக்கலாம்."

"வுட்டிருந்தா என்னாவும்?" என்றாள். "போனு கைல இருந்து, ரிங்கு வராம போயிருந்தா, அவன் இல்லன்னு அன்னிக்கே முடிஞ்சிருக்கும். போனுதான் இல்லியே, வந்திருக்கும், நமக்குத்தான் கேக்கலன்னு நான் சொல்லிக்கிட்டன். உங்களத் திட்டிக்கிட்டே பதினோரு வருசம் ஓட்டிட்டன் சார். நீங்க புடுங்குனது எனக்கு ஒரு வசதி."

பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னேன். "உன் விருந்தாளி நல்ல புள்ளதான். அன்னிக்கு நான் கெளம்பறப்ப எனக்கும் ரிங் குடுத்துச்சு. ரெண்டு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "ரெண்டா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணு தான குடுத்துக்கிட்டிருந்துச்சு. நான் அப்ப கெணத்தடிக்குப் போயிட்டன், கவனிக்கல." அவள் மரத்தடிப் பக்கம் பார்த்தாள். "சார், வெளியூரு வேலைக்கு எங்க ஊருல எப்பிடிப் போவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? மொத மொதல்ல எல்லாரும் போவ மாட்டாங்க. ஒருத்தன அனுப்புவாங்க. போய்ச் சேந்ததும் ஒரு ரிங்கு. அவன் அங்க இருந்து பாப்பான். மனுசங்க எப்பிடி, சோறு தண்ணி எப்பிடி, அடிப்பாங்களா, நல்லா வெச்சுப்பாங்களான்னு பாப்பான். சரியில்லன்னா ஒண்ணோட வுட்டுடுவான். யாரும் போவ மாட்டாங்க."

"சரியா இருந்தா?"

"நல்ல எடம்னா ரெண்டு ரிங்கு. ரெண்டு வந்தா இங்க இருக்கறவங்க மூட்டையக் கட்டுவாங்க."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் குளிர்ந்தது. நல்ல எடம்தான் இது என்று நான்தான் சொன்னேன். அது என் முகத்தைப் பார்த்து, பொய்யில்லை என்று தெரிந்துகொண்டு, மேலே சொல்லிவிட்டது. இந்த வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இந்தம்மாள் தினமும் அதனோடு பேசிக்கொண்டிருந்ததில் கற்றிருக்கலாம். கற்கவே வேண்டியதில்லாமலும் இருக்கலாம். தெரியாத ஊருக்கு முதலில் ஒருத்தனை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் எங்கே இருந்தாலும் வேறு என்ன செய்துவிடப் போகிறார்கள்?

"அது எங்க இப்ப?"

"அங்கதான் நிக்குது."

பலா மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது நின்றது. இதற்கு முன் அது முதுகைக் காட்டியதே இல்லை. இப்போது காட்டுவதற்கு முதுகு இருந்தது. காக்கிச் சட்டை, நடுவில் வியர்வைத் திட்டு, தோளில் ஆன்டெனா வார் அழுத்திய மடிப்பு, பின்னந்தலையில் கையகல வழுக்கை. நான் அன்றைக்கு ஜீப்பை நோக்கி நடந்தபோது பார்த்துக்கொண்டே நின்றதே, அந்த முதுகு. என் வழுக்கை எவ்வளவு பெரிசு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்போது ஜீப்பிலிருந்து சத்தம் வந்தது. டக், டக், டக், டக். ஓடிப்போய்ப் பார்த்தேன். முள் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆன்டெனாவைக் கழற்றி வீட்டுப் பக்கம் காட்டினேன். மலைப் பக்கம் காட்டினேன். கடைசியில் நேராக மேலே தூக்கினேன். முள் முழுதாகப் போய் முட்டிக்கொண்டது.

கடைக்காரம்மா தெருக்கோடியிலிருந்து கூப்பிட்டாள். "சத்தக்காரரே, உங்க ஆபீசம்மா லைன்ல இருக்காங்க. அவசரமாம்."

கடை போனை எடுத்தேன். மேடம் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஏகாம்பரம், இது வேலி இல்லை. அதே அலைவரிசை, ஆனா நேரா மேலருந்து வருது. இருபத்து நாலு தட்டும் ஒத்துக்குது. நீங்க வந்து கையெழுத்துப் போடணும்."

"மேடம், ஒண்ணு கேக்கறேன். இங்கருந்து ஒரு சிக்னல் போயி, அதுக்குப் பதில் ஒன்பது நாள்ல வந்தா, பதில் சொன்னவங்க எவ்வளவு தூரத்துல இருப்பாங்க?"

"வெளிச்சம் நாலரை நாள்ல போற தூரம். அவ்வளவு பக்கத்துல நட்சத்திரமே கிடையாது. நம்ம கடைசிக் கிரகத்தைத் தாண்டி, வெறும் இருட்டு. அங்க யாராவது இருந்தா வந்து நிக்கறாங்கன்னுதான் அர்த்தம். ஏன் கேக்கறீங்க? எந்தச் சிக்னல் போச்சு?"

"வந்து சொல்றேன் மேடம். எல்லாத்தையும் சொல்றேன். எத்தனை துடிப்பு ஆச்சு?"

"நாலாயிரத்து முன்னூறு தாண்டிடுச்சு. நிக்கலை. எண்ணிக்கிட்டே இருக்கோம். ஏகாம்பரம், கையெழுத்துப் போடுவீங்க இல்ல?"

"போடறேன் மேடம்" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பினபோது மாதம்மாள் வாசலில் நின்றிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கூசிக்கொண்டிருந்திருக்கும்.

"ரெண்டு ரிங்கு குடுத்தா, ஊருலருந்து என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தும் அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"திருப்பி அடிப்பாங்க. எத்தினி பேரு பொறப்படறாங்களோ அத்தினி ரிங்கு. முன்ன போனவன் எடம் புடிச்சு ஒல வைக்கணுமில்ல." அவள் அண்ணாந்து பார்த்தாள். வெறும் நீல வானம், ஒரு பருந்துகூட இல்லை. "எத்தினி பேராம் சார்?"

"இன்னும் எண்ணி முடிக்கலியாம்."

மரத்தடியில் இருந்தது திரும்பி எங்களைப் பார்த்தது. முன்னால் சென்றாயன், பின்னால் நான். மாதம்மாள் கையிலிருந்த போனை மடியில் சொருகிக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கும்படி, விருந்து வீட்டுக்காரி சாமான் பற்றவில்லை என்று கவலைப்படும் குரலில் கேட்டாள்.

"அத்தினி பேருக்கும் மொகத்துக்கு எங்க போவாங்க? நம்ம ஊருல அத்தினி போட்டோ இல்லியே."

அதன் பார்வை என் மார்பில் வந்து நின்றது. நான் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.